ஏற்றத்தில் மட்டும் சூடாகும் பழைய டீசல் வண்டி: ஹெட்டைத் திறக்கும் முன்

கேள்வி: ஐயா, என்னிடம் 2008 மாடல் டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது. 1,90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலும் டெம்பரேச்சர் ஊசி நடுவிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து பெங்களூர் திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரி ஏற்றத்தில் ஏசி போட்டு 80-ல் வந்தால் ஊசி மேலே போகிறது. ஏசியை அணைத்து மெதுவாக வந்தால் இறங்கிவிடுகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, 70,000 ஆகும்" என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். யாரை நம்புவது? (வாசகர், அல்சூர்)

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் செய்ய வேண்டாம். (ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி; அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருந்து கசிவைத் தடுப்பது ஹெட் கேஸ்கெட். கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு தெர்மோஸ்டாட்.) நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி முதலில் ரேடியேட்டரைத்தான் காட்டுகிறது. நெரிசலில் நிற்கும் டீசல் இன்ஜின் அவ்வளவாக வெப்பம் கக்குவதில்லை. அப்போது காற்றை இழுப்பது விஸ்கஸ் ஃபேன், அதாவது சூட்டுக்கேற்ப இன்ஜினோடு இறுகிச் சுழலும் விசிறி. அங்கே ஊசி அசையவில்லை என்றால் ஃபேன் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஏற்றத்தில் டர்போ முழுதாக ஊதுகிறது, எரியும் டீசல் பல மடங்காகிறது, அத்தனை வெப்பத்தையும் ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும். உள்ளே பாதிக் குழாய் அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் ஊருக்குள் சமாளித்துவிடும், இங்கேதான் கையை விரிக்கும். நெரிசலில் சூடாகி நெடுஞ்சாலையில் இறங்கியிருந்தால் ஃபேனிலிருந்து தொடங்கச் சொல்லியிருப்பேன்.

முதலில் உண்மையான எண் தெரிய வேண்டும். பல வண்டிகளில் 75 டிகிரியிலிருந்து 100-ஐத் தாண்டும்வரை ஊசி நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். ஊசி அசையும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறத் தொடங்கியிருக்கும். வண்டிக் கணினியின் அளவீடுகளைக் கைப்பேசிக்கு அனுப்பும் ஓபிடி ப்ளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கைப்பேசியில் கூலன்ட் வெப்பத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சமதளத்தில் 85 முதல் 95 வரை இயல்பு. ஏற்றத்தில் 100-ஐத் தொட்டு, உச்சி தாண்டியதும் இறங்கினால் கவனிக்க வேண்டியது, அவ்வளவே. 110 என்றால் ஓரங்கட்டுங்கள். கூலன்ட் வெளியே கொட்டவில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஐட்லிங்கில் ஓட விடுங்கள். கூலன்ட் கொட்டியிருந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பதும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடவே கூடாது. முதலாவது கையையும் முகத்தையும் வேக வைக்கும். இரண்டாவது அலுமினிய ஹெட்டில் விரிசல் விட்டுவிடும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. அதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி 13 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிநிலை 115-ஐத் தாண்டும். ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்த மூடி, நல்ல இன்ஜினையும் கொதிக்க வைத்துவிடும். மூடி மேல் அச்சடித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். அதிகம் இருந்தால் நல்லது என்று கூடுதல் எண்ணில் போட்டால் பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும் பிளந்துகொள்ளும்.

பிறகு வெளிப்புறம். முன்னால் ஏசி கண்டென்சர், பின்னால் ரேடியேட்டர், சில வண்டிகளில் நடுவே இன்டர்கூலர் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பதினைந்து வருடச் சேறும் பூச்சியும் அந்த இடுக்கில்தான் படியும். முன்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்றுதான் தெரியும். மேல் பிராக்கெட்டைக் கழற்றிக் கண்டென்சரைச் சற்று முன்னே தள்ளி, டார்ச் அடித்துப் பாருங்கள். சாதாரணத் தோட்டக் குழாயால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின்கள் எனும் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். பம்பருக்கு முன் புல் பாரும் கூடுதல் விளக்குகளும் காற்றை மறைத்தால் எடுத்துவிடுங்கள்; புல் பாரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது.

இப்போது ரேடியேட்டரின் உள்பக்கம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்த பின் அணைத்துவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கோர் (குழாய்களும் ஃபின்களும் உள்ள நடுப்பகுதி) முழுவதும் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் கருவி தப்பாகக் குறைத்துக் காட்டும். அங்கங்கே கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும். வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீராகக் குறைய வேண்டும். நடுவே திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. கூடவே ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதித்து 3,000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லி, ஃபேனிலிருந்து விலகி நின்று கீழ் ஹோஸைக் கவனியுங்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால் ஹோஸ் சப்பையாகி ஓட்டத்தை நிறுத்திவிடும். இதுவும் நெடுஞ்சாலையில் மட்டும் தலைகாட்டும் கோளாறு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வைத்தியமே ஆகாது. பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடுகிறது. தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றி வரும். ஏற்றத்தில் சூடு கூடும், காலையில் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். சந்தேகம் இருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த வாக்கில் திறக்கத் தொடங்கி, கொதி வருவதற்குள் சுமார் 8 மி.மீ. எழ வேண்டும். மாட்டும்போது சிறிய காற்றுத் துளை மேலே பார்க்கட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் ஹெட் கேஸ்கெட். அதற்கும் சோதனை உண்டு. இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில் மூடியைத் திறந்து நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் குமிழ் வருவது அடைபட்ட காற்று. நிற்காமல் வந்தால் சிலிண்டரிலிருந்து கசியும் எரிபுகை. மூடி போட்ட இரண்டு நிமிடத்துக்குள், இன்ஜின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சந்தேகம் வலுக்கிறது. உறுதிப்படுத்த நீலத் திரவச் சோதனை இருக்கிறது: ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், டீசல் வண்டியில் எரிபுகை கலந்திருந்தால் பச்சையாகும். பெட்ரோல் வண்டியில்தான் மஞ்சள். ஐட்லிங்கில் டீசல் புகையில் கார்பன் டையாக்ஸைடு குறைவு, அதனால் ஏற்றத்தில் ஓட்டி வந்த கையோடு, ரேடியேட்டர் ஆறி மூடியைப் பாதுகாப்பாகத் திறக்க முடிந்ததும் சோதிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: காமன் ரெயில் டீசல்களில் ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திரும்பும் புகையைக் கூலன்டால் ஆற்றும் பாகம்) உள்ளே ஓட்டையானாலும் கூலன்ட் குறையும், வெள்ளைப் புகை வரும், குமிழும் வரலாம். அதைத் தனியே பிரஷர் டெஸ்ட் செய்யாமல் ஹெட்டைத் திறந்தால் பணமும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

கேள்வி: ஒரு கடையில் பச்சை கூலன்ட் தருகிறார்கள், இன்னொரு கடையில் பிங்க். எங்கள் அப்பார்ட்மென்ட்டில் போர்வெல் தண்ணீர்தான். எதை, எப்படி ஊற்றுவது? (வாசகி, கே.ஆர்.புரம்)

பதில்: நிறத்துக்கு எந்த விதியும் இல்லை, தயாரிப்பாளர் விருப்பப்படி போடும் சாயம் அது. டப்பாவின் பின்னால் ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே 2234 தரம் எழுதியிருக்கிறதா, உங்கள் வண்டிக் கையேட்டில் சொன்ன வகைதானா என்று பாருங்கள். இரண்டு வகைகளைக் கலக்க வேண்டாம், சில கலவைகள் கூழாகப் படியும். போர்வெல் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு சூடான சிலிண்டர் சுவரில் சட்டி அடியில் உப்புப் படிவது போலப் படியும், பின்பு உரிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) 5 லிட்டர் கேனில் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

பெரும்பாலோர் தவறுவது அளவில்தான். உங்கள் வண்டிக்கு 10 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். டிஎம் வாட்டரால் அலசி வடித்த பின்னும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் சுமார் 3 லிட்டர் தண்ணீர் தங்கிவிடும். அதன் மேல் ஏற்கெனவே பாதித் தண்ணீர் கலந்த ரெடி மிக்ஸ் 7 லிட்டர் ஊற்றினால் பாதிக்குப் பாதி என்ற விகிதம் வராது. கூலன்ட் 35 சதவீதமாகத் தேய்ந்துவிடும். அதனால் அலசிய வண்டிக்கு, தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கி, முதலில் 5 லிட்டர் அதை ஊற்றி, மீதியை டிஎம் வாட்டரால் நிரப்புங்கள். பெங்களூரில் தண்ணீர் உறைவதில்லை, எனவே தண்ணீரே போதும் என்பார்கள். துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும்தான் நமக்குக் கூலன்ட் தேவை.

நிரப்பும்போது வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக நிற்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும், மீண்டும் நிரப்புங்கள். வடித்ததையும் ஊற்றியதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 7 லிட்டர் வடித்து 5 லிட்டர்தான் உள்ளே போயிற்று என்றால் எங்கோ காற்று அடைத்திருக்கிறது. மறுநாள் காலை ஆறிய பின் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

கேள்வி: ஜே.சி. ரோட்டில் அலுமினிய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கிறது. பழைய செம்பு ரேடியேட்டரை ரீ-கோர் செய்யலாமா, புதிது வாங்கலாமா? (வாசகர், சிவாஜி நகர்)

பதில்: செம்பு டேங்க் நன்றாக இருந்தால் ரீ-கோர், அதாவது டேங்கை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள கோரை மட்டும் மாற்றுவது, நல்ல முடிவு. பழைய கோரின் வரிசைகளை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று வரிசை இருந்த இடத்தில் இரண்டு வரிசை வைத்துத் தருவது நடக்கிறது. புதிது வாங்கினால் தடிமனையும் ஃபின் நெருக்கத்தையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஃபேன் ஷ்ரவுட் (விசிறியைச் சுற்றியுள்ள கூடு) பொருந்தாமல் தொங்கினால் அந்த ரேடியேட்டரே வேண்டாம்.

கேள்வி: சோதனை எதுவும் செய்யாமலே ஹெட்டைத் திறந்து 62,000 வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் சூடாகிறது. பழைய பாகங்களையும் தரவில்லை. என்ன செய்வது? (வாசகர், ஓசூர் ரோடு)

பதில்: முதலில் எழுத்தில் கேளுங்கள். ஹெட்டின் சமதளத்தை அளந்த குறிப்பு, ஹெட்டைச் சூடான தண்ணீரில் பிரஷர் டெஸ்ட் செய்த லேத் பட்டறை ரசீது, போட்ட கேஸ்கெட்டின் தடிமன், புதிய போல்ட்டுகளின் பில் ஆகிய நான்கும். டீசலில் பிஸ்டன் பிளாக்கைத் தாண்டி எவ்வளவு எழுகிறது என்று அளந்துதான் கேஸ்கெட் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறுக்கும்போது நீளும் வகைப் பழைய போல்ட்டை மறுபடி போட்டிருந்தால் வேலையே தப்பு. இவை எதுவும் அவர்களிடம் இல்லையென்றால், அதுவே உங்கள் புகாருக்குப் பலம்.

வேறு பட்டறையில் திறப்பதற்கு முன் இப்போதைய நிலையைப் படம் பிடித்து, நீலத் திரவச் சோதனை செய்து, முடிவை முத்திரையோடு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுத்திருந்தால் வங்கிப் பரிமாற்றக் குறிப்பும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும், அழிக்காதீர்கள்.