வீட்டிலேயே படிக்கவைப்பது – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வீரவநல்லூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்ததைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மகளுக்கு ஐந்து. காலை ஏழே காலுக்கு வேன் வரும். ஏழு மணிக்கே பையனுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது, பல நாள் வாந்தியும் எடுக்கிறான். உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வருவதில்லை. பக்கத்து வீட்டுத் தறியடியில் போய் நின்றால் மணிக்கணக்கில் அசையமாட்டான்.

நான் எம்.எஸ்சி. கணிதம். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் டீச்சராக இருந்தேன். நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டுக்காரர் ‘பார்ப்போம்’ என்கிறார். அத்தை ‘ஊர்ல என்ன சொல்லுவாங்க’ என்று அழுகிறார். இது சட்டப்படி சரிதானா? பரீட்சைக்கு என்ன செய்வது? டைம்டேபிள் எப்படிப் போடுவது? பெயர் போடவேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். முதலில் அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். வேனில் யாராவது அடிக்கிறார்களா, கழிப்பறைக்குப் போக பயமா, ஏதாவது ஒரு வகுப்பா? நேராகக் கேட்டால் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். இரவில் விளக்கணைத்த பிறகு பக்கத்தில் படுத்து வேறு எதையாவது பேசிக்கொண்டிருங்கள், தானாக வரும். என் மகளுக்கு எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்வதுதான் பயம். அது எங்களுக்குத் தெரியவே நான்கு மாதம் ஆனது.

காரணம் அந்த ஒரு பள்ளிதான் என்றால், வேறு பள்ளிக்கு மாற்றினாலே சரியாகிவிடலாம். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ என்று 2022-லிருந்து பாட்டும் அட்டையும் விளையாட்டுமாகத்தான் நடத்துகிறார்கள். நடந்தே போகலாம், வேன் கிடையாது. வீட்டில் படிக்கவைத்தவனே இதைச் சொல்கிறேனே என்று நினைக்கவேண்டாம். உங்கள் மகன் நன்றாக இருக்கவேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

அதையும் பார்த்துவிட்டு, வீட்டில்தான் என்று முடிவெடுத்தால், டைம்டேபிள் போடாதீர்கள். நாங்கள் போட்டோம். கரும்பலகை வாங்கி மாட்டி, ஒன்பது மணிக்குத் தமிழ், பத்துக்குக் கணக்கு என்று நானும் என் மனைவியும் மாறிமாறி நின்றோம். மூன்றாவது வாரம் மகள் மச்சில் ஏறி நெல்குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அங்கே பள்ளியில் எதற்குப் பயந்தாளோ, அதையே நாங்கள் வீட்டு நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தோம். பள்ளியிலாவது நாலு மணிக்கு மணி அடித்தால் வீட்டுக்கு ஓடிவரலாம். இங்கே அம்மாவும் அப்பாவுமே வாத்தியார் என்றால் அவள் எங்கே ஓடுவாள்? அன்றைக்குப் பலகையைக் கழற்றினோம். அப்புறம் மூன்று மாதம் எதுவும் நடத்தவில்லை. கதை வாசித்துக் காட்டினோம், ஆற்றுக்குக் கூட்டிப்போனோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் படித்ததில் ஒன்றைச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பேப்பரில் தினமும் அணை நீர்மட்டம் போடுவார்கள் இல்லையா? பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, இன்றைக்கு எவ்வளவு என்று. அதை ஒரு கட்டம்போட்ட நோட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொன்னேன். ஒன்பது வயது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன், ஜூலையில் பாபநாசத்துக் கோடு விறுவிறுவென்று ஏறியது. மணிமுத்தாற்றுக் கோடு படுத்தே கிடந்தது. ‘ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானப்பா இருக்கு, இது ஏன் ஏறல?’ என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை வரட்டும் என்றேன். வடகிழக்குப் பருவமழையில் மணிமுத்தாறு எழுந்தது. ஒரு அணைக்கு இரண்டு மழையும் கிடைக்கிறது, இன்னொன்று பெரும்பாலும் ஐப்பசி மழையை நம்பி இருக்கிறது என்று அவளே சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு கார், பிசானம் என்கிற இரண்டு நெல் சாகுபடி, மலையில் எந்தப் பக்கம் மேகம் முட்டுகிறது என்று வருடம் முழுக்கப் போனது. தசமம், சராசரி எல்லாம் அந்த நோட்டிலேயே வந்துவிட்டது.

உங்கள் மகனுக்கு அணை வேண்டாம், தறி இருக்கிறது. பாவில், அதாவது நீளவாக்கு நூலில், எத்தனை இழை, செடிபுட்டா என்கிற சேலைப் பூ ஒன்றுக்கு எத்தனை ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு சேலைக்கு எத்தனை பூ என்று எண்ணத் தொடங்கினால் வாய்ப்பாடு தன்னால் வரும். கணக்கு படித்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் அத்தையையும் இதற்குள் இழுங்கள். மரக்கால், கோட்டை என்று நெல் அளந்த கணக்கைப் பேரனுக்கு அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். பேரன் தன்னிடம் படிக்கிறான் என்றால் ஊர் கேட்கும்போது அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள்.

பாடப்புத்தகம் பெரிய விஷயமில்லை. தமிழ்நாடு அரசுப் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதம் ஒருநாள் திருநெல்வேலி கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குப் போய்வாருங்கள். குளிர்காலம் முடிந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பறவைகள் குஞ்சு பொரிக்கும்போது ஒருமுறை.

கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். பத்து வயதில் என் மகள் காலையில் வாசல்படியில் நிற்பாள், வேன் போவதைப் பார்த்துக்கொண்டு. பள்ளி வேண்டாம், ஆனால் அந்த வேனுக்குள் இருக்கும் சத்தம் வேண்டும். அதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். பாடத்தில் விட்டதை எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம். கூட்டாளி இல்லாமல் போன வருடத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. நாலரை மணிக்குத் தெருப் பிள்ளைகள் உள்ளே வரும் வீடாக உங்கள் வீடு இருக்கவேண்டும். இரைச்சல், உடைசல் எல்லாம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிலம்பமோ ஹாக்கியோ, நாலு பேரோடு சேர்ந்து வியர்க்கும் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். இதற்கு வழியில்லை என்றால் வீட்டுக் கல்வி வேண்டாம் என்றே சொல்வேன்.

‘பார்ப்போம்’ என்பது சம்மதம் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் எதையாவது ஒன்றைத் தன் பொறுப்பாக எடுக்கட்டும், ஞாயிறு காலை வாசிப்பாவது. ஐந்து வயது மகளையும் வைத்துக்கொண்டு பகல் முழுக்க நீங்கள் ஒருத்தியே நின்றால் ஆறு மாதத்தில் சோர்ந்துபோவீர்கள். என் மனைவி சோர்ந்துபோனாள். நான் கவனிக்கவில்லை.

சட்டத்தைக் கேட்டிருந்தீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை ஏதும் இல்லை. வீட்டுக் கல்வியைப் பற்றி அது பேசவே இல்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு டீச்சர் யாராவது வீட்டுக்கு வரக்கூடும். பதறாமல் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பையனின் நோட்டுகளைக் காட்டுங்கள். நடுவில் பள்ளிக்குத் திரும்ப நினைத்தால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. டி.சி.யை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.

பரீட்சைக்கு இரண்டு வழி. பன்னிரண்டரை வயது முடிந்தால் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். 14 வயதில் தேசிய திறந்தநிலைப் பள்ளி என்கிற என்.ஐ.ஓ.எஸ். மூலம் பத்தாம் வகுப்பு. ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழி. வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாகக்கூட எழுதி முடிக்கலாம். என் மகள் அப்படித்தான் எழுதினாள். மாநில அரசு வேலை மனதில் இருந்தால், இதில் சேரும் முன் அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். பக்கத்து வீட்டுத் தறிக்காரரிடம் போய், பையன் தினமும் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா, கேள்வி கேட்டால் பதில் சொல்வீர்களா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி