ரக்பி லீக் பற்றி எதுவும் தெரியாதவர் ஒரே ஒரு இறுதிப் போட்டியைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

2015 அக்டோபர் 4, சிட்னி. பிரிஸ்பேன் பிராங்கோஸுக்கும் நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸுக்கும் நடந்த ஆஸ்திரேலிய தேசிய ரக்பி லீக் (NRL) கிராண்ட் ஃபைனல், அதாவது இறுதிப் போட்டி. கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரக்பி லீக் பிடிபட ரொம்ப நேரம் ஆகாது. அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுகிறவனை எதிரணி மடக்கிப் பிடிக்கும். ஆறாவது தடவையும் பிடிபட்டால் பந்து கைமாறிவிடும். முன்பக்கமாகக் கையால் பாஸ் கொடுக்கக் கூடாது. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2, இதுதான் கன்வர்ஷன். ஆட்டம் ஓடும்போதே அப்படி உதைத்தால் அது ஃபீல்ட் கோல், பொதுவாக 1 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இரண்டுமே குயின்ஸ்லாந்து மாநில அணிகள். ஆனால் கௌபாய்ஸின் ஊரான டவுன்ஸ்வில்லிலிருந்து பிரிஸ்பேனுக்குச் சாலையில் 1,300 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புகிற தூரம். பிராங்கோஸ் பெரிய வீட்டுப் பிள்ளை: அதுவரை ஆறு கோப்பை, ஆறும் வேய்ன் பென்னெட் பயிற்சியில். கிராண்ட் ஃபைனல் வரை வந்து தோற்றதே கிடையாது. கௌபாய்ஸ் 1995இல்தான் போட்டிக்குள் வந்தார்கள். 2005இல் ஒருமுறை இறுதிக்கு வந்து வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் தோற்றார்கள். கோப்பையே இல்லை.

நான் மூன்று வருடம் டவுன்ஸ்வில்லில் இருந்துவிட்டு வேலைக்காகப் பிரிஸ்பேன் வந்தவன். மேட்ச் பார்த்தது அலுவலக நண்பர் வீட்டில், சுற்றிலும் பிராங்கோஸ் ஜெர்சிகள். சோறு போடுகிற வீட்டில் எதிரணிக்குக் கத்த முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளையில் பிராங்கோஸ் 14-12. அப்புறம் ஒரு பெனால்டி, 16-12. மூன்று வாரத்துக்கு முன் பிளேஆஃப் சுற்றில் கௌபாய்ஸை அவர்கள் வீழ்த்தியதும் இதே 16-12 கணக்கில்தான். கடைசி நிமிடம் வந்தபோது நண்பரின் அப்பா எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கௌபாய்ஸின் ஜொனாதன் தர்ஸ்டன் பந்தோடு ஓடினார். அவரிடமிருந்து மைக்கேல் மார்கனுக்கு. மார்கன் வலது ஓரமாகப் பாய்ந்து, பிடிபட்டு விழுகிற நிலையிலும் பந்தைக் கைல் ஃபெல்ட்டிடம் தட்டிவிட்டார். ஃபெல்ட், டவுன்ஸ்வில் பையன், மூலையில் போய் விழுந்தார். ட்ரை. ஆட்ட நேரமும் முடிந்தது. 16-16.

மிச்சம் இருந்தது கன்வர்ஷன். மைதானத்தின் விளிம்பிலிருந்து, தர்ஸ்டன் காலில். பந்து வளைந்து வந்தது, உள்ளே போகிறது என்றே நினைத்தேன், கம்பத்தில் பட்டுத் தெறித்தது. பெருமூச்சு விட்டவர்களோடு நானும் விட்டேன், காரணம்தான் வேறு.

அடுத்தது கோல்டன் பாயிண்ட்: முதலில் புள்ளி எடுக்கிறவர் வென்றார். ஒரு கிராண்ட் ஃபைனல் இந்த விதிக்குப் போனது அதுவே முதல் தடவை. கௌபாய்ஸ் உதைத்த முதல் பந்து உயரமாகப் போய்ப் பிராங்கோஸின் பென் ஹன்ட் கைக்கு வந்தது. எத்தனையோ நூறு தடவை பிடித்த மாதிரியான பந்து. நழுவவிட்டார். கோட்டுக்குப் பக்கத்திலேயே கௌபாய்ஸுக்குப் பந்து கிடைத்தது. சற்று நேரத்தில் தர்ஸ்டன் ஃபீல்ட் கோல் அடித்தார். 17-16.

எல்லோரும் பேசுவது தர்ஸ்டனைத்தான். ஆட்ட நாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே. அன்றிரவு மைதானத்தில் அவர் உட்கார்ந்திருக்க, குட்டி மகள் கருநிறப் பொம்மையோடு பக்கத்தில் இருக்கும் படம் நாடெங்கும் பரவியது, தர்ஸ்டனும் பூர்வகுடி என்பதால் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு அது வெறும் விளையாட்டுப் படமாக இருக்கவில்லை. எனக்கோ, நான் ஆதரித்த அணி ஜெயித்தும், கண் ஹன்ட்டை விட்டு நகரவில்லை. அந்த வீட்டில் ஒருவரும் அவரைத் திட்டவில்லை. டிவியை அணைத்தார்கள், அவ்வளவுதான்.

ஹன்ட் பிறகு வேறு கிளப்புக்குப் போனார். அந்த இறுதிப் போட்டிக்குப் பத்து வருடம் கழித்து, 35 வயதில், பிராங்கோஸுக்கே திரும்பி வந்தார். 2025 அக்டோபர் 5, அதே சிட்னி மைதானம், மெல்போர்ன் ஸ்டார்மை 26-22 என்று வென்ற பிராங்கோஸ் அணியில் அவரும் இருந்தார். ஃபைனல் விசில் ஊதியதும் அந்தப் பழைய நண்பருக்குத்தான் முதலில் போன் செய்தேன். எடுக்கவில்லை, அந்தச் சத்தத்தில் ரிங் கேட்டிருக்காது.

2015 மேட்ச்சை முழுசாகப் பார்க்க நேரமில்லையென்றால் 75ஆவது நிமிடத்திலிருந்து பாருங்கள். ஸ்கோர் தெரிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், எனக்கு இன்றைக்கும் அந்தக் கன்வர்ஷன் உள்ளே போய்விடும் போலத்தான் இருக்கிறது.