நரம்பை எடுத்த பல் ஏன் இன்னும் வலிக்கிறது?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் முடிந்து இரண்டு மாதமாகிறது. சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை. அந்தப் பக்கமாக மென்றால் சுருக்கென்று வலிக்கிறது. நரம்பையே எடுத்துவிட்ட பல் எப்படி வலிக்கும்? பல்லின் மேல் கேப் (உறை) போட்டால் சரியாகிவிடும், முன்பணம் கட்டுங்கள் என்கிறார் மருத்துவர். கட்டலாமா? கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். வலிக்குக் காரணம் இன்னதென்று தெரிந்த பிறகு கட்டலாம்.

எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை மட்டுமே. வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் மெல்லிய சவ்வு அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் நரம்பு உண்டு. மெல்லும்போது நோவது பெரும்பாலும் அந்த இடம்தான். சிகிச்சை முடிந்த சில நாட்களுக்கு, மிஞ்சினால் ஓரிரு வாரங்களுக்கு அது நோவது இயல்பு. இரண்டு மாதம் அந்தக் கணக்கில் சேராது.

மிக எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். பல்லை அடைத்த இடம் மயிரிழை உயரமாக இருந்தாலும், வாயை மூடும்போதெல்லாம் மேல் பல் அதன்மேல்தான் முதலில் இடிக்கும். வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, சாயம் அழுத்தமாக ஒட்டிய இடத்தைத் தேய்த்துவிட்டால் போதும். சில நிமிட வேலை. உங்களுக்கு இதைச் செய்தார்களா? செய்யாமலே கேப்புக்கு அளவெடுப்பது அவசரம்.

அடுத்த சந்தேகம், விடுபட்ட கால்வாய், அதாவது வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாய். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர்களில் பெரும்பாலும் மூன்று கால்வாய்கள் இருக்கும், சிலருக்கு நான்கு. ஒன்றைச் சுத்தம் செய்யாமல் விட்டாலும் கிருமி அங்கே குடியிருக்கும். இதைவிடக் கொடியது வேர் நெடுக ஓடும் விரிசல். எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். வேர் பிளந்திருந்தால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான், கேப்புக்குக் கொடுத்த பணமும் அதோடு போகும். முன்பணம் வேண்டாம் என்றது இதனால்தான்.

அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப் போடவும் கூடாது. தற்காலிக அடைப்பு கசிந்து எச்சில் உள்ளே இறங்கினால் செய்த சிகிச்சையே பாழ். உறையில்லாத கடைவாய்ப் பல் உடைந்துவிடவும் கூடும். காரணம் தெரியும்வரை தற்காலிக கேப் போட முடியுமா என்று கேளுங்கள்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே நகல்களை வாங்குங்கள். எத்தனை கால்வாய்களை அடைத்தார்கள், உள்ளே கருவி ஏதும் முறிந்து தங்கியிருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மெல்லிய கருவி முறிவது கைதேர்ந்தவர்களுக்கும் நேர்வதுதான். அதை நோயாளியிடம் மறைப்பதுதான் தவறு. இவற்றோடு வேர் சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பாருங்கள். அவர் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அதன் முடிவால் சிகிச்சை எப்படி மாறும் என்று கேட்டுவிட்டு எடுங்கள். சிலருக்குத் தாடைத் தசையிலிருந்தோ மூட்டிலிருந்தோ வரும் வலி பல் வலியாகவே தோன்றும். அவர்களுக்கு ரூட் கெனாலைத் திரும்பச் செய்து பயனில்லை.

பணம் திரும்ப வருமா? வலி தீரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கேட்டால் எடுபடாது. எந்த மருத்துவரும் பலனுக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ரசீதில் நான்கு கால்வாய் என்று போட்டிருந்து, மூன்றைத்தான் அடைத்திருக்கிறார்கள் என்று நிபுணர் சொன்னால் கதை வேறு. அப்போதும் சண்டைக்குப் போகுமுன், மறுசிகிச்சைக் கட்டணத்தில் பழைய தொகையைக் கழித்துக்கொள்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நியாயமான மருத்துவர்கள் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: இதே வலிக்கு இரண்டாவது முறையாக ஆன்டிபயாடிக் எழுதித் தந்திருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: எதற்காக என்று முதலில் கேளுங்கள். ஆன்டிபயாடிக் வலி மாத்திரை அல்ல. உயரமான அடைப்பையோ விரிசலையோ அது சரிசெய்யாது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத, பல்லுக்கு உடனே சிகிச்சை கிடைக்கக்கூடிய, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றாத பெரியவர்களுக்கு, பெரும்பாலான பல் வலிகளில் இது தேவையில்லை என்றே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டி சொல்கிறது. முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சல் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் முன்பதிவுக்குக் காத்திராமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.