டியூப் போட வரவில்லை என்றால் குழந்தை மருத்துவம் வேண்டாமா?

கேள்வி: ஏற்காடு, நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். என் பொண்ணு எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே குழந்தை டாக்டர் ஆக வேண்டும் என்பாள். போன மாதம் பிரசவ வார்டில், பிறந்தும் மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கை நடுங்கி, போட முடியவில்லை. சீனியர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டாராம். இப்போது பீடியாட்ரிக்ஸே வேண்டாம், டெர்மட்டாலஜி (தோல் மருத்துவம்) போகிறேன் என்கிறாள். பொம்மையை வைத்துப் பயிற்சி தருகிறோம், 30,000 ரூபாய் கட்டுங்கள் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். பொம்மையில் பழகினால் நடுக்கம் போய்விடுமா? கட்டலாமா?

பதில்: ஐயா, வணக்கம். அந்தப் பணத்தை இப்போது கட்ட வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் மகள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

பச்சிளங்குழந்தைக்கு டியூப் போடுவது ஹவுஸ் சர்ஜனிடம் எதிர்பார்க்கும் வேலையே அல்ல. எம்.டி. பீடியாட்ரிக்ஸ் படிக்கிறவர்களுக்கே முதல் முயற்சி தவறுவதுதான் அதிகம். பெரிய மையங்களில் எடுத்த கணக்குகளும் இதையே காட்டுகின்றன. குழந்தையின் உடலமைப்பு அப்படி. தலையின் பின்பக்கம் பெரியது, அதனால் படுக்கவைத்தாலே கழுத்து மடிந்துகொள்ளும். நாக்கு வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். குரல்வளை பெரியவர்களுக்கு இருப்பதைவிட மேலே, முன்னால் தள்ளி இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 2.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டியூப், இரண்டு கிலோவுக்கு மேல் என்றால் 3.5. இதையெல்லாம் சுமார் 30 விநாடிக்குள் முடிக்க வேண்டும். முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி மாஸ்க்கில் காற்றுக் கொடுக்க வேண்டும். எதிரில் தாய் படுத்திருக்க, பக்கத்தில் சீனியர் நிற்க, முதல் தடவை கை நடுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முந்தைய தலைமுறை டாக்டர்களுக்கு இல்லாத சிக்கல் ஒன்றும் இப்போது சேர்ந்திருக்கிறது. அப்போது, வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, பிறந்ததும் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு வழக்கமாகவே டியூப் போட்டு உறிஞ்சுவார்கள். 2015இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்கள் அதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றன. குறைமாதக் குழந்தைகளையும் இப்போது முடிந்தவரை, மூக்கு வழியாக விடாமல் அழுத்தத்தோடு காற்றுத் தரும் சிபாப் கருவியிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். குழந்தைகளுக்கு இது நல்லது. ஆனால் கற்றுக்கொள்ளும் டாக்டர் கையில் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துபோனது. பொம்மையை வைத்துச் செய்யும் சிமுலேஷன் பயிற்சி இவ்வளவு முக்கியமானதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பொம்மை என்று கொஞ்சம் சந்தேகத்தோடு எழுதியிருக்கிறீர்கள். உயிர்மீட்புப் பயிற்சிக்கான முதல் பிரபலமான உருவத்தை 1960இல் செய்துகொடுத்தவர் உண்மையிலேயே ஒரு பொம்மை வியாபாரிதான், நார்வேயைச் சேர்ந்த லேர்டால். இன்று அந்த நிறுவனம் செய்யும் நியோநேட்டலி என்ற குழந்தை உருவத்தில் தண்ணீரை நிரப்பினால் நிஜக் குழந்தையின் கனம் வந்துவிடும். மாஸ்க்கைச் சரியாகப் பொருத்திக் காற்றுக் கொடுத்தால்தான் நெஞ்சு உயரும். பயிற்சி தருபவர் பல்பை அமுக்கித் தொப்புள் கொடியில் துடிப்பை வரவழைப்பார். நீலம் பாய்ந்து நிறம் மாறும் விலை உயர்ந்த உருவங்களும் இருக்கின்றன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆரம்ப நிலையில் கற்க வேண்டியதில் பெரும்பகுதியைச் சாதாரண உருவமே கற்றுத்தந்துவிடும்.

பொம்மையால் முடியாததும் உண்டு. அதன் தொண்டையில் சளி இல்லை, ரத்தம் இல்லை, ரப்பர் கழுத்து கொஞ்சம் விறைப்பு. பொம்மையில் பத்து முறை சரியாகப் போட்டவர் நிஜக் குழந்தையிடம் தடுமாறுவது சகஜம். அப்படியானால் அதில் என்னதான் கற்கிறார்கள்? முதலாவதாக, வரிசை. பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது உதவி தேவைப்படும். அந்த உதவி பெரும்பாலும் துடைப்பது, தடவிக்கொடுப்பது, மாஸ்க்கில் காற்றுக் கொடுப்பது என்பதோடு முடிந்துவிடும். டியூப் வரை போவது கொஞ்சம் பேருக்குத்தான். முதல் 60 விநாடிக்குள் மாஸ்க் காற்று தொடங்கிவிட வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை. நெஞ்சு உயரவில்லையா, மாஸ்க்கைச் சரிசெய், தலையைச் சரியாக வை, வாயையும் மூக்கையும் உறிஞ்சு, வாயைத் திற, அழுத்தத்தைக் கூட்டு. இவ்வளவும் செய்த பிறகுதான் டியூப், இல்லாவிட்டால் குரல்வளை மாஸ்க், அதாவது தொண்டைக்குள் குரல்வளைக்கு மேல் பொருத்தும் சிறிய மாஸ்க். பதற்றத்தில் இந்த வரிசைதான் முதலில் மறந்துபோகும். திரும்பத் திரும்பப் பொம்மையில் செய்தவருக்குக் கை தானாக அந்த வரிசையில் போகும்.

அதைவிடப் பெரியது, நிறுத்தக் கற்றுக்கொள்வது. 30 விநாடி ஆனதும் ‘எனக்கு வரவில்லை, மேடம் நீங்கள் போடுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்வதும் பயிற்சியில் ஒரு பகுதிதான். நடுக்கத்தை மறைத்துக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது முறை குத்திப் பார்ப்பவரால்தான் குழந்தைக்கு ஆபத்து. உங்கள் மகள் முயன்று, முடியவில்லை என்று விலகியிருந்தால் அவர் செய்தது சரி. திட்டிய சீனியருக்கு இது தெரியாமல் இருக்காது.

ஏற்காட்டில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்று நன்றாகவே புரியும். மலையில் பிறக்கும் குழந்தைக்கு மூச்சு சிக்கல் என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சேலத்துக்கு வர வேண்டும். அந்த வழி முழுக்க அந்தக் குழந்தைக்குத் துணை, மாஸ்க்கை விடாமல் சரியாகப் பிடிக்கத் தெரிந்த ஒரு கை. டியூப் போடத் தெரிந்தவர் கீழே இருப்பார். மாஸ்க் தெரிந்தவர் மேலே இருந்தாக வேண்டும். உங்கள் மகள் என்ன மேற்படிப்பு படித்தாலும், நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தாலும், இது வேண்டும்.

சரி, பணம். மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யில் சேர்க்கை ரேங்க்கை வைத்துத்தான். எந்தப் பயிற்சிச் சான்றிதழுக்கும் அங்கே மதிப்பெண் கிடையாது. போதாததற்கு, பயிற்சிக்குப் பிறகு கை வைக்காமல் விட்டால் சில மாதங்களிலேயே கற்றது தேய்ந்துவிடும். இரண்டு நாள் வகுப்பில் கற்றது, ஒரு வருடம் தேர்வுக்குப் படித்து முடிப்பதற்குள் கையில் நிற்காது. இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கமும் தேசிய நியோநேட்டாலஜி (பச்சிளங்குழந்தை மருத்துவம்) ஃபோரமும் அடிப்படை உயிர்மீட்புப் பயிற்சிகள் நடத்துகின்றன. அதில் ஒன்றுக்குப் போனால் போதும். அதற்கும் முன்னால், அவர் படித்த கல்லூரியிலேயே பொம்மைகளில் பழகும் ஸ்கில்ஸ் லேப் இருக்கும். 2019இல் வந்த பாடத்திட்டத்திலேயே பச்சிளங்குழந்தை உயிர்மீட்பைப் பாவனைச் சூழலில் செய்துகாட்ட வேண்டும் என்று இருக்கிறது. ஹவுஸ் சர்ஜன்சி முடிவதற்குள் பீடியாட்ரிக்ஸ் துறையில் அனுமதி கேட்டு, டியூட்டி முடிந்ததும் பத்துப் பத்து நிமிடமாக மாஸ்க்கை மட்டும் பழகட்டும். கட்டணம் எதுவும் இல்லை. லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம், அதை அவரே பார்த்துக்கொள்வார்.

உண்மையில் அக்கறை காட்ட வேண்டிய இடம் எம்.டி. சீட் எடுக்கும்போதுதான். பெயர் பெற்ற கல்லூரியா என்று மட்டும் பார்க்காமல், அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் பேசச் சொல்லுங்கள். குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் பொம்மையில் செய்யவைக்கிறார்களா, பூட்டியே வைத்திருக்கிறார்களா? செய்து முடித்ததும் யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா? நல்ல இடங்களில் பொம்மையோடு பத்து நிமிடம் என்றால் அதைப் பற்றிய பேச்சு இருபது நிமிடம் ஓடும், அதில் திட்டு இருக்காது. தொண்டைக்குள் பார்க்க உதவும், கேமரா பொருத்திய வீடியோ லாரிஞ்சோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. மாணவர் பார்ப்பதையே ஆசிரியரும் திரையில் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் மேலே தூக்கு’ என்று சொல்ல முடியும்.

டெர்மட்டாலஜி நல்ல துறை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்குப் பீடியாட்ரிக்ஸைவிட மேலான ரேங்க் வேண்டும், பயத்தில் ஒதுங்கிக்கொள்ளும் இடம் அல்ல அது. தோல் நோய்களில் மகளுக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்தால் போகட்டும். அப்புறம் இன்னொன்று. எம்.டி. பீடியாட்ரிக்ஸ் மூன்று வருடம். அதன் பிறகு டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பில் நியோநேட்டாலஜி எடுத்தால்தான் இந்த டியூப் வேலை அன்றாட வேலையாகும். பீடியாட்ரிக்ஸ் முடித்துக் காய்ச்சல், தடுப்பூசி, வளர்ச்சிக் குறைபாடு என்று கிளினிக்கில் உட்காருகிற டாக்டர்கள்தான் அதிகம். சேலத்திலேயே நாலு ரோடு, ஐந்து ரோடு பக்கம் போர்டுகளைப் பார்த்தால் தெரியும்.

இப்போதைக்குத் துறையை முடிவு செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நீட் பி.ஜி. ரேங்க் வந்த பிறகு, விருப்பப் பட்டியல் போடுவதற்கு முன்னால், மகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை வாருங்கள். அதற்குள் மேலே சொன்ன கேள்விகளை மூன்று நான்கு கல்லூரிகளில் விசாரித்து எழுதி வைத்திருந்தால், ஒரு மணி நேரத்தில் பட்டியலைப் போட்டுவிடலாம்.