தட்டைப் பிரித்தால் காசநோய் தொற்றாதா?

கேள்வி: வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் என் கணவருக்குச் சளிப் பரிசோதனையில் நுரையீரல் காசநோய் உறுதியாகி, மூன்று வாரங்களாக அரசு மருத்துவமனை மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறார். மாமியார் அவருடைய தட்டையும் டம்ளரையும் பிரித்துவைத்து, ஜன்னல் இல்லாத சாமான் அறையில் படுக்கச் சொல்லிவிட்டார். நான்கு வயது மகளை அவர் அருகே விடுவதில்லை. இது சரியா? சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதால், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றும் கணவர் கேட்கிறார்.
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: காசநோய் தட்டு, டம்ளர் வழியாகப் பரவுவதில்லை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள், காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் மிதந்து, அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலைச் சென்றடைவதால்தான் நோய் தொற்றுகிறது. ஆகவே வழக்கம்போல் கழுவிய தட்டில் யாரும் சாப்பிடலாம்; மாற்ற வேண்டியது அந்தச் சாமான் அறையைத்தான். ஜன்னல் திறந்திருக்கும் அறையில் அவர் படுக்கட்டும். சளியில் கிருமி இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை முகக்கவசம் அணிந்து, மகளுடன் ஒரே அறையில் தூங்குவதை மட்டும் தவிர்க்கட்டும்.

நோயாளியைப் பிரித்துவைப்பதைவிட மருந்தே பெரிய பாதுகாப்பு என்பதை உலகுக்குக் காட்டியது நம் சென்னைதான். 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியும் மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளில் இருந்தும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததோடு, வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் டம்ளரைப் பிரித்துவைத்துக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசின் மருந்தின் சாயம். அதற்கு அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதங்களில் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதங்களில் மூன்று மருந்துகளும் தரப்படுகின்றன. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறியதும் பலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சிய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணவரின் வங்கிக் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள்.

மகளுக்குப் பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருந்தாலும் பரிசோதனை அவசியம். நோய் இல்லை என்று உறுதியானபின் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். கடிதத்தின் ஓரத்தில், மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு, அவரும் ஒரு மாதமாக இருமுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலே பரிசோதனைக்குப் போதுமான காரணம். சர்க்கரை நோயோ ஆபத்தை மேலும் கூட்டுகிறது. நாளைக் காலையிலேயே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. நன்றாக மூச்சை இழுத்து, மார்பின் அடியிலிருந்து இருமி வரும் சளிதான் வேண்டும்.