எந்த வரியில் நின்றது? – கணக்கு டீச்சரிடம் கேள்வி பதில்

31 வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை. இப்போது ஓய்வு. "கணக்கு வரலை" என்று யார் வந்தாலும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கணக்கு, எந்த வரியில் நின்றது? இங்கேயும் அதையேதான் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டீச்சர், பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஆறாவது வரைக்கும் கணக்கில் முதல் மூன்று பேருக்குள் வந்துவிடுவான். இயற்கணிதம் வந்ததிலிருந்து ஒரே சறுக்கல். ட்யூஷனும் மாற்றிப் பார்த்தாச்சு. "எனக்கு அல்ஜீப்ரா வராதுப்பா" என்று அவனே முடிவு கட்டிவிட்டான். – ஒரு அப்பா

முடிவு கட்டுவது இருக்கட்டும், முதலில் அவன் நோட்டைப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். சிவப்பு மை எந்த வரியில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

இதே புகாரோடு ஒரு பையன் என்னிடம் வந்தான். ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரு எண்ணின் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் 10, எண் எது? எக்ஸுக்குப் பதில் இங்கே 'அ' போட்டுக்கொள்கிறேன். அவன் எழுதியது இது:

அ/2 + அ/3 = 10
2அ/5 = 10
2அ = 50
அ = 25

சமன்பாடு அமைத்தது சரி. 5-ஐ மறுபக்கம் கொண்டுபோய்ப் பெருக்கியது சரி. 2-ஆல் வகுத்தது சரி. இயற்கணிதம் என்று நாம் பயப்படுகிற வேலை மொத்தமும் சரி. தப்பு இரண்டாவது வரியில். அது சின்ன வகுப்பில் படித்த பின்னம். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான்.

தப்பு என்று நான் சொல்லவில்லை. "அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?" என்றேன். "2/5." "2/5 அரையைவிடப் பெரிசா, சின்னதா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சின்னது." "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தியே, குறைஞ்சா போச்சு?" பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். விடை 12 என்று அவனே கண்டுபிடித்தான். பாதி 6, மூன்றில் ஒன்று 4, கூட்டினால் 10.

வலிப்பது ஒன்பதாவதில், முள் குத்தியது மூன்று நான்கு வகுப்புக்கு முன்னால். ட்யூஷனில் ஒன்பதாவது பாடத்தையே இன்னொரு தடவை நடத்தினால் முள் எப்படி வெளியே வரும்?

டீச்சர், இதைப் படித்ததும் அவனைக் கூப்பிட்டு 1/2 + 1/3 கேட்டேன். யோசிக்கவே இல்லை, 2/5 என்றான். – அதே அப்பா

நல்ல செய்தி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இடம் தெரிந்துவிட்டது இல்லையா?

மீச்சிறு பொது மடங்கு என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கட்டம் போட்ட தாளில் ஆறு கட்டம் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டச் சொல்லுங்கள். அதில் பாதி எத்தனை கட்டம்? 3. மூன்றில் ஒரு பங்கு? 2. சேர்த்து 5 கட்டம், மொத்தம் 6, ஆக 5/6. அடுத்து 1/3 + 1/4-க்கு எத்தனை கட்டப் பட்டை வெட்டினால் வசதி என்று அவனையே கேளுங்கள். அவன் 12 என்று சொல்லிவிட்டால் மீச்சிறு பொது மடங்கை அவனே கண்டுபிடித்துவிட்டான் என்று அர்த்தம். பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

சமக்குறியைத் தாண்டினால் பிளஸ் ஏன் மைனஸ் ஆகிறது? கேட்டால் "அது ரூல், அப்படியே போடு" என்கிறார்கள். – ஏழாம் வகுப்பு மாணவி

நல்லா கேட்டாய் பாப்பா. எதுவும் தாண்டுவதில்லை. மேலே நானே 'மறுபக்கம் கொண்டுபோய்' என்று எழுதிவிட்டேன், பழக்க தோஷம்.

அ + 5 = 12 என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. இடப்பக்கம் 5-ஐ எடுத்தால் வலப்பக்கமும் 5-ஐ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சமம் கெட்டுப்போகும். அதனால் அ = 12 − 5. இடையில் அ + 5 − 5 = 12 − 5 என்று இருக்கும் அந்த ஒரு வரியை எழுதாமல் விடுகிறோம், அதுதான் 5 எகிறிக் குதித்த மாதிரி தெரிகிறது. ஒரு மாதம் அந்த வரியையும் எழுது. நோட்டு கூடுதலாகச் செலவானால் ஆகட்டும்.

சமக்குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கால்குலேட்டரில் அப்படித்தானே? அமெரிக்காவில் ஓர் ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் 8 + 4 = ▢ + 5 என்று கொடுத்தார்கள். 1999-ல் வெளிவந்தது. ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு மேல் 12, மீதியில் பெரும்பாலானோர் 17. கூட்டல் தெரியாததால் இல்லை, அந்தக் குறிக்கு அர்த்தம் தெரியாததால். ராபர்ட் ரெக்கார்ட் என்பவர்தான் 1557-ல் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். குறியைப் பார்க்கும்போது அந்த இரண்டு கோடுகளை நினைத்துக்கொள்.

மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் எப்படி வரும்? "எதிரிக்கு எதிரி நண்பன்" என்று சார் சொன்னார். – எட்டாம் வகுப்பு மாணவன்

அந்த எதிரிக் கதை எனக்குப் பிடிக்காது தம்பி. அதை நம்பியே −3 − 2 = +5 என்று எழுதிய விடைத்தாள்களை வண்டி வண்டியாகத் திருத்தியிருக்கிறேன். அங்கே பெருக்கலே கிடையாது. 3 கடன், மேலே இன்னொரு 2 கடன், ஆக 5 கடன்.

இப்போது இதை எழுதிப் பார்:

3 × (−2) = −6
2 × (−2) = −4
1 × (−2) = −2
0 × (−2) = 0

ஒவ்வொரு வரிக்கும் விடை 2 கூடுகிறது. அடுத்த வரி (−1) × (−2). பூச்சியத்துக்கு அடுத்து 2 கூடினால் +2. மைனஸ் என்று வேறு ஏதாவது எழுதினால் இந்த வரிசை அங்கேயே உடைந்துவிடும். 628-ல் பிரம்மகுப்தர் இந்த விதிகளைச் 'செல்வம்', 'கடன்' என்ற சொற்களை வைத்துத்தான் எழுதினார். அதற்குப் பிறகு பல நூற்றாண்டு கழித்தும் ஐரோப்பாவில் பெரிய பெரிய கணித மேதைகளே குறை எண்களை ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். உனக்கு ஒரு வாரம் இடித்தால் தப்பில்லை.

வீட்டில் எல்லாம் புரிகிறது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் காலி. – பத்தாம் வகுப்பு

வீட்டில் எப்படிப் படிக்கிறாய் என்று நீ எழுதவில்லை. நானே சொல்கிறேன், சரியா பார். புத்தகத்தில் எடுத்துக்காட்டுக் கணக்கைத் திறந்து வைத்துக்கொள்வாய். வரி வரியாகப் படிப்பாய். "ஆமா, ஆமா" என்று தலை ஆடும். பக்கத்தைத் திருப்புவாய். பார்த்துப் புரிவது வேறு, போட்டு வருவது வேறு. தலை ஆடியதை நம்பாதே. புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுத் தாளில் போடு. எந்த வரியில் புத்தகத்தைத் திறக்கக் கை போகிறதோ அந்த வரிதான் உனக்குத் தெரியாத வரி. அதைச் சுழித்து வை.

இன்னொரு வஞ்சகம் புத்தகத்திலேயே இருக்கிறது. 'இருபடிச் சமன்பாடு' என்று தலைப்புப் போட்டு, கீழே பன்னிரண்டு கணக்கு. பன்னிரண்டுக்கும் எந்த வழி என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. பரீட்சைத் தாளில் தலைப்பு இருக்காது. அங்கே முதல் வேலையே இது எந்த வகை என்று கண்டுபிடிப்பது, அதற்குத்தான் நீ பயிற்சியே எடுக்கவில்லை. நாலு பாடத்திலிருந்து நாலு நாலு கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கு. ஒவ்வொன்றாக எடு. விடை வரைக்கும்கூடப் போக வேண்டாம், முதல் வரியை மட்டும் எழுதினால் போதும்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களைப் பிடித்து வைக்க மூளையில் இருக்கும் இடம் மிகச் சின்னது. "தப்பாயிடுமோ" என்ற நினைப்பும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். அதனால் ஹாலில் எதையும் மனசில் வைக்காதே, தாளில் இறக்கு. ரஃப் ஒர்க் அசிங்கமாக இருந்தால் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

எனக்கும் கணக்கு வராது, என் மகளுக்கும் வரவில்லை. பரம்பரையோ? – ஒரு அம்மா

இந்த வாக்கியத்தை அவள் காதுபடச் சொல்லாதீர்கள்மா. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவப் போனால், அந்த வருடம் பிள்ளை கற்றுக்கொள்வது குறைகிறது என்று 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. உதவியோடு சேர்ந்து பயமும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். "இந்த வரி எப்படி வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். தெரியாத மாதிரி நடிக்கக்கூட வேண்டியதில்லை, உங்களுக்கு அது ஒரு வசதி.

கையில் ஃபோன் இருக்கும்போது வாய்ப்பாடு எதற்கு? – ஆறாம் வகுப்பு

72/96-ஐச் சுருக்கு என்றால் இரண்டிலும் 24 ஒளிந்திருப்பது கண்ணில் பட வேண்டும். ஃபோன் வகுத்துக் கொடுக்கும், எதால் வகுக்கலாம் என்று உனக்குத் தோன்ற வைக்காது.

நீ நினைக்கிற அளவு பெரிய வேலையும் இல்லை. பத்துக்குப் பத்து, நூறு பெருக்கல். 3 × 7-ம் 7 × 3-ம் ஒன்றுதான் என்று பார்த்தால் 55. அதில் 1, 2, 5, 10 வருவதெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரியும். மீதி 21. எண்ணிப் பார். 7 × 8 மறந்துபோனால் 5 × 8 = 40, 2 × 8 = 16, சேர்த்து 56. அழுது மனப்பாடம் செய்கிற விஷயமே இல்லை.

என் மகன் எல்லாக் கணக்கும் தெரிந்தே "சில்லி மிஸ்டேக்" விடுகிறான். கவனமே இல்லை. – ஒரு அம்மா

ஒரே தப்பு மூன்றாவது தடவை வந்தால் அதற்குப் பெயர் கவனக்குறைவு இல்லை. 5 − 2(அ − 3) என்பதை 5 − 2அ − 6 என்று எழுதுகிறானா? அப்படியானால் அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் மைனஸ் உள்ளே எல்லோரையும் தொட வேண்டும் என்பது அவனுக்கு இன்னும் படியவில்லை. சரியான விடை 11 − 2அ. அ-வுக்கு 1 போட்டுச் சரிபார்க்கப் பழக்குங்கள். கேள்வியில் போட்டால் 9 வருகிறது. அவன் விடையில் −3. நீங்கள் திட்டவே வேண்டியதில்லை, அந்த −3 திட்டிவிடும்.

வாக்கியக் கணக்கு என்றாலே பயம். எண்ணாகக் கொடுத்தால் போட்டுவிடுவேன். – ஏழாம் வகுப்பு

'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி என்று யாரோ குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை முதலில் மற. பிரான்சில் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே ஒரு கோணல் கேள்வி கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு இருக்கின்றன, கேப்டனுக்கு என்ன வயது? பெரும்பாலான பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்! நீ சிரிப்பாய், ஆனால் கேள்வியைப் படிக்காமல் எண்களை மட்டும் பொறுக்கினால் இதுதான் நடக்கும். எண்களை விரலால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை படி. கதை என்ன என்று சொல்ல முடிந்தால் விரலை எடு.

இருபடிச் சமன்பாடு வாழ்க்கையில் எங்கே உதவும்? – பத்தாம் வகுப்பு

உண்மையைச் சொன்னால் நிறையப் பேருக்கு உதவாது. பந்தை மேலே எறிந்தால் எப்போது கீழே வரும் என்று தெரிய வேண்டியவர்களுக்கு உதவும். நீ அந்தக் கூட்டத்தில் சேருவாயா என்பது இப்போது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் கை தூக்கிவிடுகிறார்கள். நான் மக்கா டீச்சர்? – ஒன்பதாம் வகுப்பு மாணவி

இல்லைம்மா. லொரான் ஷ்வார்ட்ஸ் என்று ஒரு பிரெஞ்சுக் கணிதவியலாளர். பள்ளியில் தான் மெதுவாக யோசிப்பதால் தன்னை மந்தம் என்றே நம்பியிருந்ததாகத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். 1950-ல் அவருக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. 2014-ல் அதே பதக்கத்தை முதன்முதலாக ஒரு பெண் வாங்கினார், மரியம் மிர்ஸாகானி. அவரும் நிதானமாக யோசிப்பவர் என்றுதான் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் சீக்கிரம் கை தூக்கியவர்களை வரிசையாகக் கேட்டு வந்ததில் என் மேலும் தப்பு உண்டு. கேள்வி கேட்டபின் பத்து வினாடி யாரும் கை தூக்கக் கூடாது என்று பிற்பாடுதான் விதி வைத்தேன். அதன்பிறகு வேறு வேறு கைகள் மேலே வந்தன.

பத்து வயதாகிறது. 5 + 3-க்கே விரல் விட்டு எண்ணுகிறாள். கடிகாரம் பார்க்க வரவில்லை. 14-ஐ 41 என்கிறாள். வாசிப்பில் கெட்டிக்காரி. – ஒரு அப்பா

விரல் விடுவது குற்றமில்லை, கையைத் தட்டிவிடாதீர்கள். ஆனால் நீங்கள் சொல்வது எல்லாம் சேர்ந்து வந்தால், அதுவும் வாசிப்பு நன்றாக இருக்கும்போது, எண்களைப் புரிந்துகொள்வதில் தடுமாற வைக்கும் டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பலும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. கற்றல் குறைபாடுகளைப் பரிசோதிக்கும் உளவியல் நிபுணரிடம் காட்டுங்கள். எழுத்தில் படித்துவிட்டு நான் ஆமாம், இல்லை என்று சொல்லக் கூடாது.

எல்லோரும் கணக்கு வரலை என்கிறார்கள், என் மகளுக்கு வகுப்புக் கணக்கு போரடிக்கிறது. அடுத்த வருடப் புத்தகத்தை வாங்கிக் கொடுக்கட்டுமா? – ஒரு அம்மா

வேண்டாம். கொடுத்தால் அடுத்த வருடமும் போரடிக்கும். ஆழமாகத் தோண்ட ஏதாவது கொடுங்கள்.

ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்கு. ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. வந்த விடைக்கும் அதையே செய். 6-ல் ஆரம்பித்தால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1. எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1-க்குத்தான் வருமா? 1937-ல் இந்தப் புதிரை யோசித்த லோதர் கோலாட்ஸ் பெயரில்தான் இது வழங்குகிறது. வரும் என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள், இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஒரு குழந்தைக்கும் உலகத்தின் பெரிய கணித மேதைக்கும் ஒரே அளவு புரிகிற கேள்வி கிடைப்பது அபூர்வம்.

26-ல் ஆரம்பித்தால் 10 படியில் முடிந்துவிடும். அடுத்து 27-ஐ எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் 9232 வரைக்கும் ஏறிவிட்டு 111-ஆவது படியில்தான் 1-க்கு வரும். அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நோட்டில் நாலு பக்கம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.