பள்ளிக்குக் குழு வருது!

கேள்வி: சட்டமன்றக் குழு வருகிறது என்றதும் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக் கழிப்பறைக்கு இரண்டே நாளில் கதவு வந்துவிட்டது. அப்படி என்ன அதிகாரம் இந்தக் குழுவுக்கு?

பதில்: உத்தரவு போடும் அதிகாரமெல்லாம் கிடையாது. ஒரு ஆசிரியரைக்கூட இடம் மாற்ற முடியாது. ஆனால் குழுவின் அறிக்கை பேரவையில் வைக்கப்படும், துறை எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கதவு வந்தது அந்தப் பயத்தில்தான்.

வந்தது எந்தக் குழு என்று விசாரியுங்கள். பொதுக் கணக்குக் குழு என்றால் கையில் தணிக்கை அறிக்கை இருக்கும். செலவழித்த பணத்துக்குக் கணக்குக் கேட்பார்கள். அரசு உறுதிமொழிக் குழு என்றால், 'வகுப்பறை கட்டித் தருவோம்' என்று அமைச்சர் பேரவையில் சொன்னது என்ன ஆனது என்று பார்ப்பார்கள். என் அனுபவத்தில் ஊர்க்காரர்களுக்கு அதிகம் உதவுவது இந்த இரண்டாவதுதான். அமைச்சர் பேசிய தேதியைக் குறித்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. நாமே மனு கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. 'தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை-9' என்று எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. சுவரோடு குடிநீரையும் சேர்த்து எழுதாதீர்கள், அதற்குத் தனி மனு போடுங்கள். பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், தனிநபர் குறை, வேலை கேட்பது இதெல்லாம் எடுபடாது. அப்புறம், கையெழுத்தை மறந்துவிட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

கேள்வி: டெல்லியில் இருக்கும் நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழுவால் தமிழ்நாட்டுக்கு என்ன லாபம்?

பதில்: அந்தக் குழுவில் 31 எம்.பி.க்கள்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீயில் மாநிலங்கள் கையெழுத்திடவில்லை என்பதற்காக, பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்தி வைப்பது நியாயமில்லை என்று 2025 மார்ச்சில் இந்தக் குழுவே சொன்னது. தமிழ்நாட்டுக்கு வரவேண்டியது 2,152 கோடி ரூபாய் என்ற கணக்கும் குழுவின் அறிக்கையில் வந்தது. சரி, பணம் வந்ததா? உடனே வரவில்லை. மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. குழு சொல்வது பரிந்துரைதான். ஆனாலும் எல்லாக் கட்சியினரும் இருக்கும் குழு எழுதி வைத்ததை, ஒரு கட்சியின் மேடைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

கேள்வி: குழுக் கூட்டத்தை நேரில் பார்க்கலாமா?

பதில்: முடியாது, மூடிய அறையில்தான் நடக்கும். அவையில் வைத்த பிறகு அறிக்கையைப் படிக்கலாம்.